கடலிலும் காற்றிலும் பரவும் பங்கசுகள்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள், உக்கிய மரக்குற்றியிற் குடைவிரித்து நிற்கும் காளானை அறியாதார் இலர். பாணிற் படரும் பூஞ்சணமும், கள்ளை நுரைக்கச் செய்யும் மதுவமும், தோலிலே தேமலை உண்டாக்கும் நுண்ணுயிரும் அக்காளானுக்கு உறவினவே. இவை யாவும் பங்கசுகள் எனப்படும். இதுவரை ஏறத்தாழ 1,50,000 இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. உலகில் உள்ளவை 22 இலட்சத்துக்குக் குறையா என 2017ஆம் ஆண்டில் அறிஞர் மதிப்பிட்டனர்.

பச்சையம் இன்மையால் பங்கசு தன் உணவைத் தானே ஆக்கமாட்டாது. பூஞ்சணவிழை என்னும் நுண்ணிய நூல்களைப் பிறபொருளினுட் செலுத்தி, நொதியங்களைச் சுரந்து, கரைந்தவற்றை உறிஞ்சியே அது வளர்கின்றது. உணவு தீர்ந்தால் பெரும்பாலான பங்கசுகள் எழுந்து செல்லும் ஆற்றலற்றவை. ஆகவே, கண்ணுக்குத் தெரியாத வித்திகளை எண்ணிறந்த அளவில் வெளியிட்டு, அவற்றை நீரிடமும் காற்றிடமும் ஒப்புவிக்கின்றன.

கடலில் வாழும் பங்கசுகளைப் பற்றி நெடுங்காலம் சிறிதளவே அறியப்பட்டிருந்தது. 1944ஆம் ஆண்டில் பார்கூன், இலிண்டர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், கடல்நீரில் அமிழ்ந்த மரத்தில் வளர்ந்து பெருகும் பங்கசுகளை விரிவாக எடுத்துரைத்தனர். இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட கடற் பங்கசுகள் அறியப்பட்டுள்ளன. அவற்றுட் பலவற்றின் வித்திகளிலே பசைபோன்ற இழைகளோ கைபோன்ற நீட்சிகளோ உள. அவை வித்தி விரைவில் அமிழாது மிதக்கவும், எதிர்ப்படும் மரத்துண்டைப் பற்றிக்கொள்ளவும் உதவுகின்றன. புத்தளம், மட்டக்களப்பு முதலிய களப்புக்களின் ஓரத்திலுள்ளவை போன்ற கண்டற் காடுகளில், உதிர்ந்த இலையையும் விழுந்த கிளையையும் சிதைத்து, இறாலுக்கும் மீனுக்கும் உணவாகும் சத்தை நீரிற் சேர்ப்பதில் இத்தகைய பங்கசுகளுக்குப் பெரும் பங்குண்டு.

நீரில் நன்மை விளைக்கும் இதே பரவும் ஆற்றல், காற்றில் ஒரு நாட்டின் செல்வத்தையே அழிக்கவும் வல்லது. இதற்கு இலங்கையே சான்று. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்திற் செம்மஞ்சள் நிறப் பொடி தோன்றிற்று. பேராதனைப் பூந்தோட்டத் தலைவர் துவெயிற்சு அனுப்பிய இலைகளை ஆராய்ந்த பேர்க்கிலி என்னும் ஆங்கில அறிஞர், அது ஒரு புதிய துருப் பங்கசு எனக் கண்டு, எமிலெயா வத்தாற்றிக்சு என்னும் பெயரை வழங்கினார்.

1880ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த மார்சல் வோட், இரண்டாண்டுக் காலம் அந்நோயை ஆராய்ந்தார். இலையிற் படிந்த நீர்த்துளியிலே வித்தி முளைத்து, இலைவாய் வழியே உட்புகுகின்றது என்பதையும், காற்றே அதனைத் தோட்டந்தோறும் கொண்டு செல்கின்றது என்பதையும் அவர் விளக்கினார். காட்டை அழித்து, மலைமேல் மலையாக ஒரே பயிரை நட்டமையால், வித்தி விழுந்த இடமெல்லாம் அதற்கு ஏற்ற இலை காத்திருந்தது. 1870களின் இறுதியில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற் பரந்திருந்த கோப்பி, பிற காரணங்களும் உடன்சேர, அந்நூற்றாண்டு முடியுமுன் பெரும்பாலும் அழிந்தது.

அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பி பறிக்கும் பருவத்தில் மட்டும் தென்னிந்தியாவிலிருந்து பெருந்தொகையாக வந்து மீண்ட தமிழ்த் தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டியிருந்தமையால் மலைநாட்டிலே நிலைத்து வாழலாயினர். அவர்தம் வழித்தோன்றல்களின் வரலாற்றிலே கண்ணுக்குப் புலப்படாத வித்தியும் ஓரிடம் பெற்றுள்ளது.

துரு நோய் அத்துடன் அடங்கிற்றில்லை. 1970ஆம் ஆண்டில் அது பிரேசில் நாட்டிலும் காணப்பட்டது. வித்திகளின் பயணத்தை முற்றாகத் தடுத்தல் அரிது. ஆயினும், பலவகை மரங்களைக் கலந்து நடுதலும், காற்றை மறிக்கும் மரவரிசைகளைப் பேணுதலும், பிறநாட்டு நாற்றுக்களைத் துறைமுகத்திலேயே சோதித்தலும் அதன் வேகத்தைத் தணிக்கும். பங்கசின் தன்மை எங்கும் ஒன்றே. அது ஆக்குவதும் அழிப்பதும், மனிதன் நிலத்தைப் பயன்படுத்தும் முறையையும் பொறுத்தனவாகும்.