கலைவாணர் கற்பித்த சிரிப்பு



பல ஆண்டுகளுக்கு முன், நான் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், வாசிப்புப் பாடத்துக்கு எழுந்து நின்ற சிறுவன் ஒருவனுக்கு நாக்குத் திக்கியது. வகுப்பே சிரித்தது. என்னை அறியாமல் நானும் சிரித்துவிட்டேன். மறுநாள் அவன் பாடசாலைக்கு வரவில்லை. சிரிப்பு ஒரு பிள்ளையைக் கல்வியிலிருந்தே துரத்திவிடக் கூடும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அதே சிரிப்பைக் கொண்டு மக்களைக் கல்வியின் பக்கம் அழைத்த கலைஞர் ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்தார். அவர்தாம் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அவர் நடித்த படங்களை என் தந்தையார் படமாளிகையில் கண்டவர். என் தலைமுறையினரோ அவர் குரலை வானொலி வழியாகவே அறிந்தோம்.

கிருஷ்ணன் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். வறுமை காரணமாக அவருடைய பள்ளிப் படிப்புத் தொடக்க வகுப்புகளுடன் நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன், மேடையில் நடப்பதைக் கண் கொட்டாமல் பார்த்தான். நாஞ்சில் நாட்டுக்கே உரிய வில்லுப்பாட்டும் அவன் செவியில் நிறைந்திருந்தது. பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிற் சேர்ந்தார். பாடவும் ஆடவும் பல வேடங்களைத் தாங்கவும் அங்கேயே பயின்றார். அக்குழுவின் "மேனகா" நாடகம் 1935இல் திரைப்படமானபோது கிருஷ்ணனும் திரைக்கு வந்தார்.

அடுத்த ஆண்டில் வெளிவந்த "வசந்தசேனா" படத்தின்போது டி. ஏ. மதுரம் அம்மையாரைச் சந்தித்தார். கலையில் இணைந்த இருவரும் வாழ்விலும் இணைந்தனர். அக்காலப் படங்களில் நகைச்சுவைப் பகுதி பெரும்பாலும் தனிக் கதையாகவே அமையும். கிருஷ்ணன் தம் குழுவினரைக் கொண்டு அப்பகுதியைத் தாமே அமைத்து, மூலக் கதையோடு சேர்த்துவிடுவார். அதனால், என்ன சொல்லிச் சிரிக்க வைப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர் கையில் இருந்தது. அவ்வுரிமையை அவர் எவ்வாறு பயன்படுத்தினார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. பல காட்சிகளில் அவரே பேதையாக நிற்பார். அறிவு புகட்டுபவர் மதுரம் அம்மையாராக இருப்பார். நாம் அவரைப் பார்த்துச் சிரிப்போம். சிரித்து ஓய்ந்த பிறகுதான், அவரிடம் கண்ட பேதைமை நம்மிடமும் உண்டு என்பது புலப்படும். பிறரைக் குத்துவதற்கு முன் தம்மையே நகைப்புக்கு இலக்காக்கிக் கொள்ளும் முறை அது.

புகழின் உச்சியில் நின்றபோது பெருந்துன்பம் வந்தது. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் கிருஷ்ணனும் பாடகர் எம். கே. தியாகராஜ பாகவதரும் கைதாயினர். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்நாளில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக விளங்கியது இலண்டன் கோமறைக் கழகம். வழக்கு அங்கே சென்று, மறுபடியும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலை பெற்றனர்.

இரண்டு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சிறைவாசம் ஒரு நகைச்சுவைக் கலைஞரை என்ன செய்திருக்க வேண்டும்? கசப்பு மிகுந்திருக்கலாம், பேச்சு அடங்கியிருக்கலாம். கிருஷ்ணனோ முன்னிலும் தெளிந்த நோக்கத்தோடு திரும்பினார். அவர் சிறையிலிருந்த காலத்தில் மதுரம் அம்மையார், எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையுடன் நாடகக் குழுவை நடத்திக் குடும்பத்தையும் கலையையும் காத்து வந்தார் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

விடுதலைக்குப் பின், 1949இல், அறிஞர் அண்ணாதுரையின் கதையில் "நல்லதம்பி" வெளிவந்தது. அதிலே "கிந்தனார்" என்றொரு கதாகாலட்சேபம் இடம்பெறும். நந்தனார் தில்லைக்குச் செல்ல ஏங்கிய கதையை நாம் அறிவோம். கிந்தனோ கல்விக்காக ஏங்குகிறான். தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்த அச்சிறுவன் ரயிலேறிப் பட்டணம் போகிறான், படிக்கிறான், கல்வி அதிகாரியாகவே ஊர் திரும்புகிறான். கேட்போர் விழுந்து விழுந்து சிரிக்கின்றனர். ஆயினும் அச்சிரிப்பு கிந்தனை நோக்கியதன்று. அவனுக்குக் கதவடைத்தவர்களை நோக்கியது. மெலியவனைப் பார்த்துச் சிரிப்பதற்கும், மெலியவனோடு சேர்ந்து சிரிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக விளக்க இயலுமோ?

1956இல் வந்த "ராஜா ராணி" படத்திலே சிரிப்பின் வகைகளை ஒவ்வொன்றாகச் சிரித்துக் காட்டிப் பாடினார். மறு ஆண்டு, 1957 ஆகஸ்ட் 30ஆம் நாள், 49 வயது நிறைவதற்கு முன்பே மறைந்தார். ஈட்டிய பொருளைக் கேட்டவர்க்கெல்லாம் அள்ளி வழங்கியவர் என்று அவரோடு பழகியவர்கள் போற்றுவர். சென்னையிலுள்ள கலைவாணர் அரங்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நேயர்களே, அந்தச் சிறுவனின் வீட்டுக்கு நானே சென்று அவனை அழைத்து வந்தேன். அன்று முதல், எவரையும் வாசிக்க எழுப்புவதற்கு முன், நான் முதலில் வாசிப்பேன். வேண்டுமென்றே ஒரு சொல்லில் தடுக்கி விழுவேன். பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அச்சிரிப்பு அடங்குவதற்குள் அச்சமும் அடங்கிவிடும். இப்பொழுது குறிஞ்சாக்கேணியில் அதிபராக இருக்கும் நான், புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு முதலிற் சொல்லிக் கொடுப்பதும் இதனையே. கலைவாணர் எனக்குக் கற்பித்த பாடம் இது.