கரிசல் பூமிக்கு மாறுதலா?

மாறுதல் கலந்தாய்வில் கோவில்பட்டிப் பக்கம் வரும் ஆசிரியர்கள், எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. மூன்றைப் பார்க்கச் சொல்வேன்.

முதலாவது, பேருந்து. பல கிராமங்களுக்குக் காலையில் ஒரு பேருந்தை விட்டால் அடுத்தது தாமதம். அது நிற்கும் இடத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு அமையட்டும். மெல்லக் கற்கும் மாணவருடன் மாலையில் அரைமணி கூடுதலாக இருக்க முடியுமா என்பதையும் திரும்பும் பேருந்தே முடிவு செய்கிறது.

இரண்டாவது, தண்ணீர். நகருக்குக் குடிநீர் தாமிரபரணியிலிருந்து, சீவலப்பேரி வழியாகக் குழாயில் வருகிறது. எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

மூன்றாவது, மண். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அடித்தளம் சரியில்லாத சுவரில் விரிசல் ஓடும். கோடையில் கெட்டியாகத் தெரியும் மண் தெரு, ஐப்பசி மழையில் செருப்பைப் பிடித்து இழுக்கும். எனவே சாலையும் வடிகாலும் உண்டா என்று பாருங்கள்.

பள்ளி இருக்கும் ஊரிலேயே வீடு கிடைத்தால் இன்னும் நல்லது. தீப்பெட்டி ஆலைக்குப் போகும் பெற்றோரைப் பகலில் சந்திப்பது கடினம். மாலையில் தெருவில் நின்று பேசினால், நின்றுபோன பிள்ளை மறுநாள் வகுப்புக்கு வர வழி பிறக்கும்.