காத்தோங் தந்த கேள்வி

'பெரனாக்கன்' என்றதும் நம்மில் பலருக்குச் சீனர்களே நினைவுக்கு வருவர். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், ஒரு விடுமுறை நாளில் காத்தோங்கைச் சுற்றி வரும்வரை.

கூன் செங் சாலையில் வரிசை வீடுகள் வண்ண வண்ணமாக நிற்கின்றன. சுவர்களில் பூ வேலைப்பாடு மிக்க ஓடுகள். வாசலில் காற்று புக வழிவிடும் அரைக்கதவுகள். மலாய் மொழியில் 'அனாக்' என்றால் பிள்ளை. பெரனாக்கன் என்போர் இம்மண்ணில் பிறந்தோர். வணிகம் செய்யக் கடல் கடந்து வந்தவர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்ததால் உருவான சமூகம் இது. பெண்கள் அணியும் கெபாயாவை 2024இல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் சேர்ந்து முன்மொழிந்தன. காத்தோங் லக்சாவும் அக்கலப்பின் சுவையே. மிளகாயும் உலர்ந்த இறாலும் அரைத்துத் தேங்காய்ப்பாலில் கொதிக்கும் குழம்பு அது. மீயைத் துண்டு துண்டாக நறுக்கிப் போடுவதால் கரண்டி மட்டும் போதும்.

ஆனால், இப்படிக் கலந்தவர்கள் சீனர்கள் மட்டுமல்லர். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்களே செட்டி மலாக்கா சமூகத்தினர். வீட்டில் பேசுவது மலாய். உடுப்பது சரோங், கெபாயா. வழிபடுவது சைவ நெறியில். போகியன்று 'பார்ச்சு' என்னும் படையலை வாழை இலையில் முன்னோருக்கு இடுகிறார்கள். மலாக்காவில் 1781இல் பொய்யாத விநாயகர் ஆலயத்தை எழுப்பியதும் இச்சமூகமே. பிள்ளை, நாயக்கர் என்ற பெயர்கள் அவர்களிடம் இன்றும் உண்டு. 2018இல் நம் இந்திய மரபுடைமை நிலையம் அவர்களைப் பற்றிய கண்காட்சியை நடத்தியது.

மாலையில் சிலோன் சாலைக்கு நடந்தேன். குளக்கரையில் செண்பக மரத்தடியில் கிடைத்த சிலையால் தோன்றி, இலங்கைத் தமிழர்கள் பேணி வளர்த்த செண்பக விநாயகர் ஆலயம் அங்குள்ளது. அங்கே நின்றபோது ஒரு கேள்வி எழுந்தது. மொழி போனால் பண்பாடும் போய்விடும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். செட்டிகளைப் பார்த்தால் அது முழு உண்மையன்று. தமிழ் பேசாமலேயே பல தலைமுறைகளாகப் பொங்கலைக் காத்திருக்கிறார்களே!

அப்படியானால் எதை இழந்தார்கள்? முன்னோருக்குப் படையல் இட முடிகிறது; அந்த முன்னோர் பேசிய மொழியில் அவர்களை அழைக்க முடியவில்லை. என் வீட்டில் பாட்டி தமிழில் கேட்கிறார். நானும் தங்கையும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறோம். செட்டிகளைக் குறை கூற எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

அன்றிரவு பாட்டிக்கு லக்சா வாங்கிச் சென்றேன். காத்தோங் கதை முழுவதையும் தமிழிலேயே சொன்னேன். இடையிடையே தடுமாறினேன், பாட்டி திருத்தினார். நண்பர்களே, நீங்களும் ஒருமுறை காத்தோங் சென்று வாருங்கள். வந்ததும் கதையை வீட்டில் தமிழில் சொல்லுங்கள்.