பழைய குறிப்பும் புதிய நிரலும்

அம்பாங்கிலிருந்து கோலாலம்பூர் நகர மையத்திற்குச் செல்லும் எல்.ஆர்.டி. இரயில் சேவை 1996ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தொடங்கியது. 1998ஆம் ஆண்டில், சான் சௌ லின் நிலையத்திலிருந்து ஸ்ரீ பெட்டாலிங் வரை ஒரு கிளைத்தடம் திறக்கப்பட்டது. பல ஆண்டுகளாக ஸ்ரீ பெட்டாலிங்தான் அத்தடத்தின் கடைசி நிலையமாக இருந்தது. 2016ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் அத்தடம் புத்ரா ஹைட்ஸ் வரை நீண்டது. 2010இல் அச்சிடப்பட்ட வரைபடத்தை நம்பி இன்று அம்பாங்கில் இரயில் ஏறும் ஒருவர், அத்தடத்தில் புத்ரா ஹைட்ஸ் செல்ல இயலாது என்றே எண்ணுவார். தண்டவாளத்தில் குறை இல்லை. இரயிலும் ஒழுங்காக ஓடுகிறது. வரைபடம் மட்டுமே பழையது. ஆயினும், அதனால் ஏமாறுபவர் பயணியே.

கணினி நிரல்களிலும் இத்தகைய பழைய வரைபடங்கள் உள்ளன. நிரலர்கள் நிரல் எழுதும்போது அதனிடையே விளக்கக் குறிப்புகளையும் எழுதி வைப்பார்கள். இந்தப் பகுதி என்ன செய்கிறது, ஏன் இவ்வாறு எழுதப்பட்டது, இதனைப் பயன்படுத்தும்போது எதில் கவனம் தேவை என்பனவற்றை அக்குறிப்புகள் கூறும். கணினி இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. அவை மனிதர்களுக்காக மட்டுமே எழுதப்படுபவை. நிரல் தவறாக இருந்தால், சோதனையின்போது அது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். குறிப்பு தவறாக இருந்தாலோ எந்தச் சோதனையும் எச்சரிக்காது. நிரலைத் திருத்துபவர் குறிப்பைத் திருத்த மறந்துவிட்டால், அது ஆண்டுக் கணக்கில் அப்படியே நின்றுவிடும்.

மெய்நிகர் கணினி மென்பொருளில் இச்சிக்கல் மேலும் பெரிதாகிறது. மெய்நிகர் கணினி என்பது ஓர் உண்மையான கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் மற்றொரு கணினியாகும். ஒரே கணினியில் இத்தகைய கணினிகள் பலவற்றை ஒரே நேரத்தில் இயக்கலாம். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1960களிலேயே இம்முறையை உருவாக்கினர். 1972ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வி.எம்./370 எனும் மென்பொருளை அறிமுகப்படுத்தியது. 2007ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.20 பதிப்பில் கே.வி.எம். எனும் மெய்நிகராக்க வசதி சேர்க்கப்பட்டது. இன்று தரவு மையங்களில் இத்தகைய மென்பொருள்களே பெரும்பணி ஆற்றுகின்றன. இவை பல நாட்டு நிரலர்களால் பல ஆண்டுகளாக எழுதப்பட்டு வருபவை. ஒரு பகுதியை முதலில் எழுதியவர் வேறு வேலைக்குச் சென்றிருக்கலாம். அவருக்குப் பின் வருபவருக்கு, அவர் விட்டுச்சென்ற குறிப்பே வழிகாட்டி.

அவ்வழிகாட்டி பொய்த்தால் என்ன நேரும்? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மெய்நிகர் கணினியின் நினைவகத்தை இரண்டு செயற்பாடுகள் ஒரே நேரத்தில் மாற்ற முயன்றால் தரவு சிதைந்துவிடும். ஆகவே, நிரலர்கள் 'பூட்டு' எனும் முறையைப் பயன்படுத்துகின்றனர். பூட்டைப் பெற்ற செயற்பாடு மட்டுமே நினைவகத்தை மாற்றலாம். மற்றவை காத்திருக்க வேண்டும். ஒரு செயற்கூறின் மேல், "இதனை அழைக்கும் முன் பூட்டைப் பெற்றிருக்க வேண்டும்" என்று ஒரு குறிப்பு எழுதப்பட்டுள்ளதாகக் கொள்வோம். சில ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் அச்செயற்கூறை மாற்றி, அதுவே பூட்டைப் பெறும்படி செய்கிறார். குறிப்பை மட்டும் மாற்றாமல் விட்டுவிடுகிறார். பிறகு வரும் புதிய நிரலர் குறிப்பை நம்பி, முதலில் பூட்டைப் பெற்றுவிட்டுச் செயற்கூறை அழைக்கிறார். செயற்கூறோ அதே பூட்டுக்காகக் காத்திருக்கிறது. செயற்கூறு முடியாமல் பூட்டு விடுபடாது. பூட்டு விடுபடாமல் செயற்கூறு முடியாது. மெய்நிகர் கணினி அசைவற்று நின்றுவிடுகிறது. புதிய நிரலர் செய்த பிழை ஒன்றுதான். எழுதியிருந்ததை அவர் நம்பினார்.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. 2007ஆம் ஆண்டில், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'ஐகமெண்ட்' எனும் கருவியை உருவாக்கினர். அது பூட்டுகளையும் செயற்கூறு அழைப்புகளையும் பற்றிய குறிப்புகளைப் படித்து, அவற்றை நிரலோடு ஒப்பிட்டது. லினக்ஸ், மொசில்லா, வைன், அப்பாச்சி ஆகிய நான்கு மென்பொருள்களில் 60 முரண்பாடுகள் கண்டறியப்பட்டன. அவற்றுள் 33 நிரலில் இருந்த பிழைகள். 27 குறிப்பில் இருந்த பிழைகள். இந்த எண்கள் ஒரு முக்கியப் பாடத்தைக் கற்பிக்கின்றன. குறிப்பும் நிரலும் முரண்படும்போது, குறிப்புதான் தவறு என்று உடனே முடிவு செய்துவிடக்கூடாது. சில வேளைகளில் குறிப்பு சரியாக இருக்கும். நிரல்தான் வழி தவறியிருக்கும். அந்நிலையில் குறிப்பை நிரலுக்கேற்ப மாற்றினால், பிழையைக் காட்டிக்கொடுக்கும் ஒரே சாட்சியும் அழிந்துவிடும்.

ஆகவே, பழைய குறிப்பைத் திருத்துவதற்கும் முறை உண்டு. முதலில், நிரல் உண்மையில் என்ன செய்கிறது என்பதைப் படித்தும் இயக்கியும் அறிய வேண்டும். அடுத்து, நிரலின் மாற்ற வரலாற்றைப் பார்க்க வேண்டும். எந்த வரி எப்போது, எதற்காக மாற்றப்பட்டது என்பதை 'கிட்' போன்ற கருவிகள் காட்டும். குறிப்புக்குப் பின் நிரல் வேண்டுமென்றே மாற்றப்பட்டிருந்தால், குறிப்பைத் திருத்தலாம். காரணம் விளங்காவிட்டால், அப்பகுதியைப் பராமரிப்பவரிடம் கேட்டுத் தெளிவது நல்லது. திருத்தி எழுதும்போது, நிரலில் வெளிப்படையாகத் தெரிவதையே மீண்டும் எழுதாமல், அதன் காரணத்தை எழுத வேண்டும். 'இங்கு 8 சாதனங்களை இணைக்கலாம்' என்பதை நிரலே சொல்லிவிடும். ஏன் 8க்கு மேல் கூடாது என்பதைக் குறிப்புதான் சொல்ல முடியும்.

இதைவிடச் சிறந்தது வருமுன் காப்பதே. நிரலை மாற்றும் அதே வேளையில் அதன் குறிப்பையும் மாற்றிவிட்டால், பின்னர் எவரும் இத்தனை பாடுபட வேண்டியதில்லை. ஒருவர் செய்த மாற்றத்தை மற்றொருவர் சரிபார்க்கும்போது, குறிப்பையும் சேர்த்துப் படிப்பது பல மென்பொருள் குழுக்களின் வழக்கமாகும்.

குறிப்பைத் திருத்துவது சிறு வேலையாகத் தோன்றலாம். அதனால் மென்பொருள் வேகமாக இயங்கப் போவதில்லை; புதிய வசதி எதுவும் கிடைக்கப் போவதுமில்லை. எனினும், லினக்ஸ் போன்ற திறந்த மூல மென்பொருள்களில் இத்தகைய திருத்தங்களும் முறையான பங்களிப்பாக ஏற்கப்படுகின்றன. திருத்தியவரின் பெயர் நிரலின் வரலாற்றில் பதிவாகிறது. நிரலாக்கம் பயிலும் மாணவர்கள் பலர் தங்கள் முதல் பங்களிப்பை இவ்வாறே தொடங்குகின்றனர். ஒரு குறிப்பைச் சரியாகத் திருத்த, அது விளக்கும் நிரலை முழுமையாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால், அது நல்ல பயிற்சியாகவும் அமைகிறது.

தடம் நீண்டதும் நிலையத்தில் உள்ள வரைபடத்தையும் மாற்றினால்தான் பயணி சரியான இடத்தில் இறங்குவார். நிரலும் அவ்வாறே. இன்று எழுதுபவர் நாளை அங்கு இருக்கமாட்டார். அவர் எழுதிய குறிப்பு இருக்கும். அது உண்மையைச் சொல்லும்படி விட்டுச்செல்வது, முகம் அறியாத ஒருவருக்குச் செய்யும் உதவியாகும்.