ஊரில் அரிது, ஃபுளோரிடாவில் தொல்லை: பர்மிய மலைப்பாம்பின் கதை

விஷம் கிடையாது. இறுக்கித்தான் கொல்லும். மானையே முழுசா விழுங்கிவிட்டு வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். சாப்பிட்ட இரண்டு, மூன்று நாளில் இதயமே சுமார் 40 சதவீதம் பெருத்துவிடும். செரித்ததும் பழைய அளவுக்குச் சுருங்கும். பெண் பாம்பு முட்டைகளைச் சுற்றிக்கொண்டு, தசைகளை நடுங்கவைத்துச் சூடேற்றும். கோழி அடைகாக்கிற மாதிரிதான்!

தென்கிழக்கு ஆசியாவில் தோலுக்கும் இறைச்சிக்கும் வேட்டையாடப்பட்டு, ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலில் இடம்பிடித்த இதே பாம்பை, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒழிக்கப் போராடுகிறார்கள். காரணம், செல்லப்பிராணி வியாபாரம். குட்டியாக வாங்கியவர்கள், வளர்ந்ததும் சமாளிக்க முடியாமல் காட்டில் விட்டார்கள். விளைவு? எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில், இந்தப் பாம்புகள் நெடுநாளாக இருக்கும் பகுதியில் ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டதாக 2012-ல் வெளியான ஆய்வு சொன்னது.

புல்லுக்குள் கிடந்தால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. அதனால்தான் 2017-ல் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு இருளர்களை வரவழைத்தார்கள். கையில் ஒரு இரும்புக் கம்பி, அவ்வளவுதான். தடம் பார்த்தே தேடி, இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். அதில் ஒன்று 16 அடி பெண் பாம்பு.