யுரேனஸின் மேல்வளி குளிர்ந்த காரணம்

சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தைப்போல் 19 மடங்கு தூரத்தில் சுற்றுவது யுரேனஸ் என்னும் பெருங்கிரகம். இங்கு விழும் வெயிலில் ஏறத்தாழ 370-ல் ஒரு பங்கே அங்கு விழும். அதன் மேகங்களின் அருகே குளிர், உறைநிலைக்குக் கீழ் 200 டிகிரி அளவு. ஆயினும் 1986 ஜனவரியில் வாயேஜர்-2 விண்கலம் அதனை நெருங்கியபோது, மேல்வளி மண்டலம் 500 டிகிரி செண்டிகிரேடுக்கு மேல் இருக்கக் கண்டது.

வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு என்று மாணவர்க்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. அங்குள்ள வாயுத் துகள்கள் மிக வேகமாகப் பறக்கின்றன. எனவே வெப்பநிலை அதிகம். ஆனால் துகள்கள் மிகச் சிலவே; கையை நீட்டினால் சுடாது.

அதன்பின் வேறெந்த விண்கலமும் அங்கே செல்லவில்லை. எனினும் இங்கிருந்தே அளக்க ஒரு வழி உண்டு. மேல்வளியில் மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் கூடி, ஓர் எலெக்ட்ரானை இழந்த அயனி ஒன்று உள்ளது. அது அகச்சிவப்பு ஒளியைச் சில குறிப்பிட்ட அலைநீளங்களில் வீசும். அந்த ஒளிக்கோடுகளுள் எது எவ்வளவு பிரகாசம் என்று ஒப்பிட்டால் வெப்பநிலை தெரியும். ஹவாய்த் தீவின் மௌனா கியா மலைத் தொலைநோக்கிகள் முதலியவற்றால் 1992 முதல் இவ்வாறு அளந்தார்கள். அவ்வாண்டில் ஏறத்தாழ 470 டிகிரி. 2018-ல் ஏறத்தாழ 210 டிகிரி! கால் நூற்றாண்டில் இத்துணை இறக்கம்.

பருவமாற்றமே காரணம் என்று முதலில் எண்ணினர். அது நியாயமான எண்ணமே. யுரேனஸ் படுத்துக்கொண்டே சுற்றும் கிரகம். அதன் ஓராண்டு நம் 84 ஆண்டுகள். ஒரு பருவம் 21 ஆண்டுகள். 2007-ல் சூரியன் அதன் நடுக்கோட்டுக்கு நேரே வந்தது. பருவந்தான் காரணமெனில், அதன்பின் போக்கு திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை, குளிர்ச்சி தொடர்ந்தது.

2024-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஆடம் மாஸ்டர்ஸ் குழுவினர் வேறொரு விளக்கம் தந்தனர். சூரியனிலிருந்து மின்னூட்டம் பெற்ற துகள்கள் ஓயாது வீசுகின்றன. இதுவே சூரியக் காற்று. பதினோராண்டுச் சூரியச் சுழற்சியில் ஏறி இறங்குவது ஒருபுறமிருக்க, அதன் அழுத்தம் 1990 அளவிலிருந்து பொதுவாகவே தணிந்து வந்தது. அழுத்தம் தணியவே, யுரேனஸைச் சூழ்ந்த காந்தக் குமிழி விரிந்தது. காற்றின் சக்தி உள்ளே இறங்குவது கடினமாயிற்று. மேல்வளி குளிர்ந்தது.

பூமியின் மேல்வளி ஏன் அவ்வாறு குளிரவில்லை? இங்கே அதைச் சூடாக்குவது பெரும்பாலும் சூரிய ஒளியே. யுரேனஸுக்கோ ஒளி போதாது. காற்றின் கையே ஓங்கி நிற்கிறது. இவ்விளக்கம் சரியாயின், சூரியக் காற்று மீண்டும் வலுக்கும் காலத்தில் யுரேனஸின் மேல்வளியும் சூடேற வேண்டும்.