கருவுக்காக வாதாடுவது யார்?

டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர் அனுப்பிய மின்னஞ்சல், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தை மறுபடியும் யோசிக்க வைத்தது. இரண்டு குழந்தைகளின் தாயான 27 வயதுப் பெண், பிரசவத்துக்குப் பிந்தைய மனநோயால் அவதியுற்றுவந்தார். மீண்டும் கருவுற்றிருப்பதை வெகு தாமதமாகவே அறிந்த அவருக்குக் கருக்கலைப்புக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஆனால், கரு உயிருடன் பிறக்கக்கூடும்; அதன் இதயத்துடிப்பை முன்னரே நிறுத்த வேண்டுமா என்று மருத்துவர் கேட்டார். நீதிபதி ஹிமா கோலி அனுமதிக்க மறுத்தார். நீதிபதி பி.வி.நாகரத்னாவோ அந்தப் பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும் என்றார். வழக்கு மூன்று நீதிபதிகள் அமர்வுக்குச் சென்று, அக்டோபர் 16 அன்று அனுமதி மறுக்கப்பட்டது. அப்போது கருவுக்கு 26 வாரம் 5 நாள்.

இவ்வழக்கில் கலைப்புக்கு எதிராக வாதிட்டவர் மத்திய அரசின் வழக்கறிஞர். அமெரிக்காவில் இது ஒரு வாழ்நாள் பணி. கத்தோலிக்க வழக்கறிஞரான ஹெலன் ஆல்வரே, ஆயர்கள் பேரவையின் கருவுயிர்ப் பாதுகாப்புப் பணிக்குப் பேச்சாளராக இருந்து, பின்னர் சட்டப் பேராசிரியரானார். அவரைப் போன்றோர் நெடுங்காலம் எதிர்த்துவந்த 1973ஆம் ஆண்டின் ‘ரோ எதிர் வேட்’ தீர்ப்பு 2022 ஜூனில் ரத்தானது. அதே ஆண்டு செப்டம்பரில் நமது உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்களும் 24 வாரம் வரை கருவைக் கலைக்கலாம் என்றது.

அத்தகைய வாழ்நாள் பணி இங்கே உருவாகாததற்குக் காரணம் சட்டத்தின் அமைப்பு. கருக்கலைப்பு இன்றும் தண்டனைச் சட்டப்படி குற்றமே. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு விதிவிலக்கு அளிக்கிறது. 2021 திருத்தம் அந்த விதிவிலக்கை விரிவாக்கியது. ஆகவே, நீதிமன்றத்தில் நடப்பது பெரும்பாலும் வாரக் கணக்கும் மருத்துவ வாரியத்தின் அறிக்கையும்தான். ‘உயிர் எப்போது தொடங்குகிறது’ என்ற கேள்வி அங்கே அரிதாகவே எழுகிறது.

ஆனால், கருவின் உயிர் காக்கப்பட்ட வழக்கு ஒன்று உண்டு. சண்டிகர் அரசு இல்லத்தில் வல்லுறவுக்கு ஆளாகிக் கருவுற்ற, அறிவுத்திறன் குறைபாடுடைய பெண்ணுக்குக் கருக்கலைப்பு செய்யுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. குழந்தை வேண்டும் என்றார் அவர். 2009இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பெண்ணின் சம்மதமே அத்தீர்ப்பின் அடிப்படை. கருக்கலைப்பு உரிமை கோருவோர் மேற்கோள் காட்டுவதும் அதே தீர்ப்பைத்தான். சென்னை உயர் நீதிமன்றமும், குழந்தையைப் பெற விரும்பிய ஒரு சிறுமியின் விருப்பத்தைத் தந்தையின் எதிர்ப்பையும் மீறி, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஏற்றிருந்தது. கருவின் பெயரால் வாதாட விரும்பும் வழக்கறிஞருக்கு இங்கே உறுதியான தளம் இதுவே என்பேன்: வறுமையோ, வீட்டாரின் வற்புறுத்தலோ காரணமாகக் கலைப்புக்குத் தள்ளப்படும் பெண்ணின் தரப்பு.

கத்தோலிக்க மருத்துவமனைகள் நிறைந்த தமிழ்நாட்டில், அதிகம் பேசப்படாத இன்னொரு வேலையும் மிச்சமிருக்கிறது. மனசாட்சி காரணமாகக் கருக்கலைப்பில் பங்கேற்க மறுக்கும் உரிமையைப் பிரிட்டனின் 1967ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவருக்கு வெளிப்படையாகவே தருகிறது; பெண்ணின் உயிரைக் காப்பாற்றவோ, அவரது உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ நேரும் நிரந்தரமான கடும் பாதிப்பைத் தடுக்கவோ தேவைப்படும் சிகிச்சை மட்டுமே அதற்கு விலக்கு. நம் சட்டத்தில் அப்படியொரு பிரிவு இல்லை. கொண்டுவருவதானால், மறுக்கும் மருத்துவர் அந்தப் பெண்ணைத் தாமதமின்றி வேறிடம் அனுப்ப வேண்டும் என்ற கடமையும் உடன் வர வேண்டும். 24 வாரக் கெடு விதித்திருக்கும் சட்டத்தில் ஒரு வாரத் தாமதமே வழக்கின் முடிவை மாற்றிவிடும்.